நாற்பது ஜோடி வெள்ளைக் கையுறை

பலசரக்குக் கடைக்காரர் பொருளைக் கட்டிக் கொடுத்தால் வேலை முடிந்தது. சிவகாசியில் அமிலத்துக்கும் வெடிமருந்துக்கும் கையுறை விற்கிற என் போன்றவனுக்கு அப்போதுதான் கவலையே ஆரம்பம். மருந்துக்கடை, மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தடியும் மெல்லிசும்

அச்சகங்களில் அமிலத்தைத் தொடுகிறவர்களுக்கு ரப்பர் உறை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர்களுக்குப் பருத்தி மட்டும்தான். ரப்பரும் நைலானும் உரசினால் நிலைமின்சாரம் உண்டாகும். ஒரு பொறி போதும், ஷெட்டே இருக்காது. இதைக் கிளிப்பிள்ளை மாதிரி எல்லோரிடமும் ஒப்பிப்பேன்.

நாரணாபுரத்துக் கம்பெனி ஒன்றின் போர்மேன் மாரியப்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மறுபடி ரப்பரையே இழுத்து இழுத்துப் பார்ப்பார். ஒருநாள் வாய்விட்டே கேட்டார்: "இது இம்புட்டு தடியா இருக்கு, துணி அப்பளமாட்டம் இருக்கு. எது பாய் காப்பாத்தும்?"

விரல் நுனி

ஒருவழியாகப் பருத்தி உறை வாங்கிப்போனார். அடுத்த மாதம் அங்கே போனேன். மருந்து சலிக்கிற கருப்பசாமி அண்ணாச்சி உறையின் விரல் நுனிகளைக் கத்தரித்துவிட்டு மாட்டியிருந்தார். நுனியெல்லாம் அலுமினியப் பவுடர். நான் பதறியதற்கு அவர் அசரவில்லை.

"மருந்துல குறுமணல் கெடந்தா வெரலுதான் பாய் சொல்லும், கிளவுஸா சொல்லும்?"

மெல்லிசாக ஒரு பண்டல்

அவர் சொன்னதும் நியாயம்தான். மணல் உரசினாலும் பொறிதான். ஆகவே மெல்லிய பருத்தி உறை தேடி அலைந்து, மதுரையில் ஒரு மொத்த வியாபாரியிடம் மாதிரி பார்த்து ஆர்டர் கொடுத்தேன். நாற்பது ஜோடி வந்தது. சீசன் அவசரம், பிரித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே நாரணாபுரத்துக்கு அனுப்பிவிட்டேன். பண்டலிலிருந்து நழுவிய ஒற்றை உறை மட்டும் கடையில் கிடந்தது.

மறுநாள் காலையில் பலகாரம் கொண்டுவந்த என் மனைவி அதைக் கையில் எடுத்தாள். வீட்டில் தையல் போடுகிறவள். முகத்தைச் சுளித்து, ஒரு நூலை உருவி, தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினாள். பருத்தியாக இருந்தால் சாம்பலாகும். இது சுருண்டு கறுப்பு மணியாகிவிட்டது.

"இது பஞ்சே இல்லீக," என்றாள். "உருகுது பாருங்க, நைலானு."

வாசலில்

கம்பெனிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மொபெட்டை முடுக்கினேன். வழியெல்லாம் அந்தத் திசையில் புகை தெரிகிறதா என்றுதான் பார்த்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு வயது பத்து கூடிவிட்டது. வாசலில் வாட்ச்மேன் வழக்கம்போல் என் சட்டைப்பையைத் தடவினார். மனைவி கையிலிருந்து வாங்கி யோசனையில்லாமல் போட்டுக்கொண்டது அங்கே இருந்தது.

"உலகத்துக்கே புத்தி சொல்வீக," என்றார் அவர். "தீப்பெட்டியோட வந்து நிக்கீக."

முப்பத்தொன்பது

மாரியப்பன் விஷயம் கேட்டதும் வேலையை நிறுத்தி, எல்லோரையும் வேப்பமரத்தடிக்கு வரச்சொன்னார். புது உறைகளைக் கழற்றிப் போட்டார்கள். இரண்டு முறை எண்ணினேன், முப்பத்தொன்பது ஜோடி. கடையில் கிடந்தது போக இன்னும் ஓர் உறை குறைந்தது. அது எங்காவது விழுந்திருக்கும் என்றார் மாரியப்பன். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கருப்பசாமி அண்ணாச்சி தன் பழைய பருத்தி உறையோடு நின்றார். வலது கையில் மட்டும் கத்தரித்த நுனிகளில் விரல்கள் வெள்ளையாகத் தெரிந்தன. கழற்றச் சொன்னேன். உள்ளே நைலான். காலையிலிருந்து அந்தக் கையோடுதான் மருந்து சலித்திருக்கிறார். அதை நானே உருவிக் குவியலில் போட்டேன். அவருக்குக் கோபம்கூட இல்லை. ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"நீங்க சொன்ன பருத்தியவும் போட்டேன், நீங்க குடுத்த புதுசையும் போட்டேன். இன்னும் நான் என்ன பாய் செய்யணும்?"

கையைக் காக்கிற பொருளை விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற வியாபாரி யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், அவர் கடையில் மட்டும் எதுவும் வாங்காதீர்கள்.