உடம்பு வராதவனுக்கு ஒரு பாட்டு

இதைக் கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். பழவேற்காடு பஜாரில் மைக்செட் வைத்திருந்த சம்சுதீனைக் கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். கடைசியில் விஷயம் வெளியே வந்தபோது அவரும் பக்கத்தில் இருந்தார். நடந்தது 1981, ஏப்ரல் 28, செவ்வாய்க்கிழமை. ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல்.

தோணிரேவு இருசம்மாளுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். காலையில் மீன் கூடை தூக்குவாள், சாவு விழுந்த வீட்டில் ஒப்பாரி பாடுவாள். அவள் குரலெடுத்தால், செத்தவனோடு பேச்சுவார்த்தை இல்லாதவனும் அழுதுவிடுவான். அவள் புருஷன் நாகப்பன் ஆறு வருஷத்துக்கு முன்னால் புயல் நாளில் கடலுக்குப் போனவன். படகு கரை ஒதுங்கியது, ஆள் வரவில்லை. உடம்பு வராதவனை அங்கே அழமாட்டார்கள். அழுதுவிட்டால் அவன் செத்தவன் என்று ஆகிவிடும். அதனால் இருசம்மாள் பொட்டும் தாலியுமாக, வழி பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிருந்தாள்.

அவளைப் பட்டணத்துக்கு, திருவேங்கடம் என்கிற ரெக்கார்டு கம்பெனிக்காரரிடம் கூட்டிப்போனது சம்சுதீன்தான். கண்ணாடி போட்ட அறை, எதிரே ஒரு மைக். பிணம் இல்லாமல் எப்படி அழுவது? நாலு தடவை பாடினாள். நாலும் உப்புச் சப்பில்லாமல் இருந்தது.

"இன்னும் ஒரே ஒரு தபா பாடும்மா. மனசுலேர்ந்து வரணும்" என்றார் திருவேங்கடம்.

அவளுக்கு அலுத்துவிட்டது. வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது. ஐந்தாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு, தூண்டில் முள் கிழித்த இடது காதைப் பற்றிப் பாடினாள். அந்தக் காது நாகப்பனுடையது. பாடி முடித்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அவளே பொட்டை அழித்தாள். தாலியைத் தொட மனசு வரவில்லை.

மாசியில் ரெக்கார்டு வந்தது. உறையில் அவள் படம். பஜாரில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, அவளுக்கு மாலை போட்டு வெளியிட்டார்கள். பங்குனி முடிவதற்குள் கல்யாண வீடு தவிர எல்லா இடத்திலும் அந்தக் 'காது கிழிஞ்ச ராசா' பாட்டுதான். எங்கெங்கிருந்தோ ஆள் வந்து கூப்பிட்டார்கள். பேர் வந்தது. தொண்டை புண்ணானது, தூக்கம் போனது. பாவம், அவளுக்கு இந்தப் பேரே வேண்டியிருக்கவில்லை.

அந்தச் செவ்வாயும் ஆரம்பாக்கத்தில் ஒரு சாவுக்குப் பாடிவிட்டு வந்து சுருண்டு படுத்திருந்தாள். தூரத்தில் எங்கோ அவள் பாட்டே ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணி பஸ் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

பாட்டு பாதியில் நின்றது.

கடகட... கடகட...

ரயில் சத்தம். தோணிரேவில் ஏது ரயில்?

எழுந்து உட்கார்ந்தாள். படலுக்கு வெளியே ஓர் ஆள் நின்றிருந்தான். இடது காது கிழிந்திருந்தது.

தெரு நாய் அவன் காலடியில் படுத்திருந்தது, தலையைக்கூடத் தூக்கவில்லை. அந்தச் சித்திரை வெயிலில் அவன் வெடவெடவென்று நடுங்கினான். கடலோடு போனவன்... உடம்பில் சொட்டு ஈரம் இல்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"இருசா... வர்றியா?"

அவளுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் தோன்றியது. ஆனால் அழுது அனுப்பியவர் வந்து கூப்பிட்டால் போகக் கூடாது. மூன்று தடவை மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும். எத்தனையோ சாவு வீட்டில் அவளே சொல்லிக்கொடுத்தது.

"வரமாட்டேன்."

"வா இருசா..."

"வரமாட்டேன். போய்டு."

கடகட...

"வரமாட்டேன்யா."

வெளியே வெயில் மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் தாலியைக் கழற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை சம்சுதீன் ஓர் ஆளைக் கூட்டிவந்தார். பேர் அங்கமுத்து. அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை. அவர் கையில் அந்த ரெக்கார்டு இருந்தது.

"திங்கக்கெழம வடக்கேர்ந்து வந்த ரயில்ல ஒரு ஆளு எறங்குனாரும்மா. நெருப்பா ஜுரம். கால் ஊனி நிக்க முடியல. என் கடை பெஞ்சுலயே படுத்துட்டாரு. டாக்டரு வந்து ஊசி போட்டும் கேக்கல. வெள்ளிக்கெழம காலைல உசுரு போய்டுச்சு. காது கிழிஞ்ச ஆளு."

இருசம்மாள் அந்த ரெக்கார்டை வாங்கி, உறையில் இருந்த தன் படத்தைப் பார்த்தாள்.

"கடைல இருந்த இந்தப் படத்தக் காட்டி, என் பொஞ்சாதி, வரச் சொல்லுங்கன்னாரு. அந்தப் பாட்டுல அவங்க புருஷன் செத்துட்டார்னு ஊருக்கே தெரியுமே... ஜுரத்துல ஒளர்றாருன்னு உட்டுட்டோம்."

அவள் கேட்டாள். "செவ்வாக்கெழம எங்க இருந்தாரு?"

"பெஞ்சுலதாம்மா. அசையவே இல்ல. மூணேகால் வண்டி போறப்ப மட்டும் தானா எழுந்து உக்காந்தாரு. 'வரமாட்டேனுட்டா'ன்னாரு. அதுக்கப்புறம் தண்ணிகூட வாணாம்னுட்டாரு."