மாமாவின் மாவுக்கட்டு

எங்கள் மாமா தூங்கினால் அது ராயபுரத்துக்கே தெரியும். அப்படி ஒரு குறட்டை. அம்மாவின் தம்பியான அவர் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். ரயில் பட்டறையில் தினக்கூலி, மற்ற நேரமெல்லாம் ஹாக்கி. பட்டறை டீமில் இடம் கிடைத்தால் வேலை நிரந்தரமாகும். ஆள் எடுக்கும் மேட்சுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மட்டையை விடாமல் விழுந்து வலது கட்டைவிரலைக் கெடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

எண்ணெய் போட்டு உருவிவிடத் தெருவே வந்தது. அம்மா ஒருத்தரையும் தொடவிடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எலும்பு முறியவில்லை, விரலைப் பிடித்திருக்கும் தசைநார் கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். விரல் நுனிவரை மாவுக்கட்டு. ஆறு வாரம் பிரிக்கக் கூடாது. மாமா இடது கையில் வாரங்களை எண்ணிப் பார்த்தார்.

மேட்சுக்கு நாலு நாள் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

"வலைக்கயிறு கைய அறுத்துட்சின்னா உங்க நைனா இன்னா பண்ணுவாரு?"

"கடல் தண்ணில முக்குவாரு."

"ஆறிடுதா இல்லியா?"

"ஆறிடுது."

"அவ்ளோதாம்மே," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்கு அப்போது எட்டு வயது. மாமாவை நானே குணமாக்கப்போகிறேன் என்று நெஞ்சு பூரித்துப்போனது. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது மாமா கயிற்றுக்கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். வீடு அமைதியாக இருந்தது. கட்டுப் போட்ட கை வாகாகக் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. பக்கெட்டை அதன் கீழே தள்ளினேன். அரைமணியில் கட்டு கூழாகிவிட்டது.

மீன் விற்றுவிட்டு வந்த அம்மா பார்த்தாள். என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, தம்பியை அப்படியே ஆஸ்பத்திரிக்கு நடத்தினாள். நானும் அழுதுகொண்டே பின்னால் போனேன். யார் வேலை இது என்று டாக்டர் கேட்டதற்கு நான்தான் என்றேன். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், வலியே இல்லை, ஆடிவிடுவேன் என்றார்.

டாக்டர் மருந்துச் சீட்டு ஒன்றைக் கிழித்து, மாமாவிடம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிக்கச் சொன்னார். லேசாக இழுத்தார். சீட்டு அவர் கையோடு வந்துவிட்டது.

"காகிதமே நிக்கல, மட்டை நிக்குமா? இப்ப ஆடினா இந்த ஒரு மேட்ச்தான். ஆறவிட்டா இன்னும் பத்து வருஷம் ஆடலாம்."

மறுபடி மாவு குழைத்தார்கள். மேட்ச் போனது. என்னால்தான் போனது என்று நான் அழுத அழுகை கொஞ்சமில்லை. மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவ்வளவு நல்லவர் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஆடினார், எடுத்தார்கள். வேலை உத்தரவை அதே இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "இழு பாப்போம்," என்றார். பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். ஒரு மூலை கிழிந்து என் கையோடு வந்தது, காகிதம் அவர் விரலைவிட்டு அசையவில்லை. அம்மா எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கட்டைக் கெடுத்த பாவம் வெகுகாலம் எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. கல்யாணமாகி, குறட்டை விடுகிற ஒருவரோடு குடித்தனம் நடத்திய பிறகுதான் ஒன்று உறைத்தது. அன்று மத்தியானம் மாமா ஒரு குறட்டைகூட விடவில்லை.