கவிராயரின் லாந்தர்

படைப்பிரிவில் அவருக்குக் கவிராயர் என்று பெயர் வைத்தது கவிதையை மெச்சி அல்ல. வாயைத் திறந்தாலே பாட்டுத்தான் என்பதால் பொறுக்க மாட்டாமல் வைத்தார்கள். அவரோ அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அவர் வேலை டெலிபோன் கம்பி இழுப்பது. குண்டு விழுந்து கம்பி அறுந்தால் தவழ்ந்து போய், இரண்டு முனையையும் சுரண்டி முறுக்கி, டேப் சுற்றி, கையோடு கொண்டுபோன போனைக் கம்பியில் மாட்டிப் பேசிப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்பார்கள். கவிராயர் தன் கவிதையைச் சொல்வார். மறுமுனையில் கேப்டன், தப்பிக்க வழியில்லாத ரசிகர்.

"யோவ், நம்பரை மட்டும் சொல்லு. இன்னொரு தடவை கவிதை வந்துச்சு, சமையல்கட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று அவர் கத்திய பிறகு, கவிராயர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நம்பர் சொன்னார். அதையும் ராகத்தோடுதான்.

அன்று மதியம் கம்பியைச் சேர்க்கப் போன இடத்தில், ஓடைப் பாலத்தடியில் எதிரிகள் பதுங்கியிருப்பதைப் பார்த்தார். முன்வரிசையில் இருக்கும் நம் ஆட்கள் அந்தப் பாலம் வழியாகத்தான் திரும்புவதாக ஏற்பாடு. கவிராயர் அறுந்த முனைகளை முறுக்கினார். அவசரமாகப் போனை மாட்டினார்.

"சார், பாலத்துப் பக்கம் யாரும் வர வேணாம்னு சொல்லுங்க!"

"சங்கேதச் சொல் என்ன?"

போன வாரம்தான் எதிரி இதே கம்பியில் புகுந்து பொய் உத்தரவு கொடுத்திருந்தான். புதுச் சொல்லைக் காலையில் அறிவித்தபோது கவிராயர் கம்பியோடு கிடந்தார்.

"தெரியாது சார். நான்தான் சார், கவிராயர்."

"அப்படின்னா ஒரு கவிதை சொல்லு."

ஆயுசு முழுக்கக் காத்திருந்த அழைப்பு. பாழாய்ப்போன நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "வாசலில்..." என்றார். அவ்வளவுதான் வந்தது.

"வாசலில் எரியும் நிலவே, என் அம்மா தூங்கும்வரை அணையாதே. அதுதானே?"

"நிலவா? லாந்தர் சார், லாந்தர்!" கவிராயர் பயத்தை மறந்து எரிந்து விழுந்தார். "நிலவுன்னு எவன் வேணாலும் எழுதுவான்!"

"நீயேதான்யா" என்றார் கேப்டன்.

நம் ஆட்கள் பாலத்தை விட்டு, மேலே தள்ளி ஓடையில் இறங்கி, நனைந்து நடுங்கினாலும் முழுசாக வந்து சேர்ந்தார்கள்.

சாயங்காலம் அடுத்த கம்பிச் சோதனை. "ஒண்ணு, ரெண்டு..." என்று அடக்கமாக ஆரம்பித்தார்.

"நம்பர் யாருக்கு வேணும்? லாந்தரைச் சொல்லு. பசங்க எல்லாரும் போனைச் சுத்தி உக்காந்திருக்காங்க."

கவிராயருக்கு அன்று இரண்டாம் முறையாகக் கவிதை வரவில்லை. கொஞ்சம் காத்துப் பார்த்துவிட்டுக் கேப்டனே சொல்லத் தொடங்கினார். இந்தத் தடவை லாந்தர் என்றே சொன்னார்.