குத்தகைக் காட்டில் ஒரு மாங்கன்று

கறுப்புப் பிளாஸ்டிக் பையில் ஓர் ஒட்டு மாங்கன்று. பாலக்கோட்டு மார்க்கெட்டில் தக்காளியைப் போட்டுவிட்டு வந்த மாமா, அதை நெஞ்சோடு அணைத்தபடி பஸ்ஸை விட்டு இறங்கினார். "உங்க அத்தை நாளெல்லாம் வெயில்ல களை எடுக்கறா. செத்த நேரம் குந்த ஒரு நெழலு வேண்டாமா?" என்றார். அடேயப்பா, பெண்டாட்டிமேல் இத்தனை பிரியமா என்று நாங்கள் கேலி செய்தோம். சிரித்துக்கொண்டே போய்க் காட்டு வரப்பில் நட்டார்.

அந்தத் தக்காளிக் காடு அவருடையதல்ல, குத்தகைக்கு எடுத்தது. எங்கள் பக்கம் வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. மழை ஏமாற்றினால் இருவருக்கும் அடி. குத்தகை அப்படியில்லை. பேசினது பேசினதுதான், வானம் காய்ந்தாலும் கொடுத்தாக வேண்டும். கன்னடம் பேசும் வீட்டில் பிறந்த அத்தை அதைக் 'குத்திகெ' என்பாள். தெலுங்குக்காரர்கள் 'குத்த' என்கிறார்கள். சொல் அங்கிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து போனதா, எனக்குத் தெரியாது. எந்த மொழியில் சொன்னாலும் மண் உழுகிறவனுக்கு இல்லை.

குத்தகைக் காட்டில் தக்காளி வைக்கலாம், ராகி விதைக்கலாம். மரம் மட்டும் வைக்கக் கூடாது. மரம் வைத்தவன் நிலத்தில் உரிமை கேட்பான் என்று நிலத்துக்காரர்களுக்குப் பயம். மாமாவுக்கு இது தெரியாததா என்ன? நெடுநாள் உழுததில் மறந்துபோனார், பாவம்.

நிலத்துக்காரர் வந்து பார்த்தார். "ஏப்பா, இன்னிக்கு மரம் வெப்பே. நாளைக்குக் காடே என்னுதுன்னு கோர்ட்டுக்குப் போவியா?"

"இப்பவே புடுங்கிப் போட்டுடறேங்க," என்று மாமா கெஞ்சினார்.

"அது கெடக்கட்டும். நீ காட்டை உட்டுட்டுக் கெளம்பு."

அந்த அறுப்போடு காடு போயிற்று. கன்று தழைத்ததைப் பார்த்த நிலத்துக்காரர் காடு முழுக்க மா வைத்தார். மாமா கூலிக்குப் போனார். அத்தை அந்த நிழலில் ஒருநாளும் உட்காராமலே போய்ச் சேர்ந்தாள்.

இப்போது பூ எடுத்ததும் ஒரு வியாபாரி தோப்பின் காய்ப்பைக் குத்தகைக்கு எடுக்கிறார். காவலுக்கு மாமா. போன வாரம் பார்க்கப் போனேன். வரப்பு மாமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். பழம் ஒன்று காலடியில் விழுந்தது. ஆசையாகக் குனிந்தேன்.

"எடுக்காத கண்ணு. குத்தகை மரம்."

அவரே எடுத்து, மண்ணைத் துடைத்து, வியாபாரியின் கூடையில் போட்டுவிட்டு வந்து அந்த நிழலில் உட்கார்ந்தார்.