இரண்டாவது கோடு

1. முதல் தலை

காலையில் மெஷினைப் போட்டதும் நான் சோதிக்கும் முதல் தலை என்னுடையதுதான். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பின்பக்க அறையில், காது கேட்கிறதா என்று மூளையின் மின்சாரத்தை வைத்துப் பார்க்கும் 'பெரா' டெஸ்ட் எடுக்கும் டெக்னீசியனாக இருந்தேன். நெற்றியில் ஒரு எலெக்ட்ரோட், காதுகளுக்குப் பின்னால் ஒவ்வொன்று. ஹெட்போனில் டிக் டிக் என்று ஆயிரக்கணக்கில் சத்தம் விடுவோம். வந்தவர் கை தூக்கவோ பதில் சொல்லவோ தேவையில்லை. தூங்கிவிட்டால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

சத்தம் உட்காதில் பட்டதும் அங்கிருக்கும் மயிர்க்கலங்கள் குளூட்டமேட் என்ற இரசாயனத்தைக் கசியவிடும். அது செவி நரம்பை எழுப்பும். நரம்பு மூளைத்தண்டில் முதல் நிலையத்தை எழுப்பும். அதற்கு மேலே இரண்டு காதுகளின் செய்தியும் சந்திக்கும் இடம் இருக்கிறது. சத்தம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று அங்கேதான் ஒப்பிட்டுப் பார்க்கப்படும். அந்த வேலை குழம்பாமல் கிளைசின் என்ற இன்னொரு இரசாயனம் வேண்டாத கலங்களை அடக்கி வைக்கும். அங்கிருந்து செய்தி நடுமூளைக்கு ஏறும். எல்லாம் பத்து மில்லிசெக்கனுக்குள் முடிந்துவிடும். அந்த மின்சாரம் தாளில் கோடாக விழும், அதில் ஐந்து மேடுகள் தெரியும். ஐந்தாவதுதான் எங்களுக்குப் பெரிய ஆள், அது வந்தால் காது கேட்கிறது என்று அர்த்தம்.

ஒரே டெஸ்டை இரண்டு தரம் ஓட்டி, ஒரு கோட்டின்மேல் மற்றதை வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். நிஜமான மேடு இரண்டு தரமும் ஒரே இடத்தில் நிற்கும். இந்த வேலையில் என்னை விழுத்த ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இன்றைக்கும் ஓரளவு அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் ஒருநாள் விழுந்தேன்.

2. லோண்ட்ரிப் பெடியன்

யுத்த காலம். ஒரு பகல் பொலிஸ் அதிகாரி ஒருவர் இருபது வயதுப் பெடியனைக் கூட்டிவந்தார். கொட்டாஞ்சேனையில் லோண்ட்ரி ஒன்றில் அயர்ன் பெட்டியால் துணி மினுக்குபவன். முதல்நாள் செக்பொயின்டில் பின்னாலிருந்து கூப்பிட்டபோது நிற்காமல் நடந்துவிட்டானாம். அவனுடைய அக்காவும் கூட வந்திருந்தாள்.

"மிஸ், இவன் பிறந்ததில இருந்து கேளாதவன். ஆஸ்பத்திரித் துண்டெல்லாம் யாழ்ப்பாணத்தில விட்டிட்டு ஓடி வந்தனாங்கள். நீங்கள்தான் பாத்துச் சொல்லவேணும்."

அதிகாரி சிங்களத்தில் பேசினார். இது நடிப்பு, கேட்கிறதென்று டெஸ்டில் வந்தால் இன்றைக்கே தடுப்புமுகாமுக்கு அனுப்புவேன் என்றார். அப்படிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. டொக்டர் ஒப்பரேஷனில் இருந்தார். அதிகாரியை வெளியே இருக்கச் சொன்னேன், மறுத்துவிட்டார். என் அடையாள அட்டையையும் கேட்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தார். என் தமிழ்ப் பெயரைப் படித்துவிட்டார் என்று தெரிந்ததும் அவசரமாகப் பெடியனைப் படுக்கவைத்து எலெக்ட்ரோட்டுகளை ஒட்டினேன்.

முதல் ஓட்டத்தில் ஐந்தாவது மேடு வரவேண்டிய இடத்துக்குக் கிட்ட ஒரு சின்ன மேடு தெரிந்தது. அது என்ன என்று அதிகாரி கேட்டார். இரண்டாம் தரம் ஓட்டாமல் என் வாய் முந்திக்கொண்டது. ஏதோ இருக்கிற மாதிரித்தான் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அது போதும். கிளம்பச் சொல்லிப் பெடியனின் தோளில் கை வைத்தார். அக்காக்காரிக்குச் சிங்களம் தெரியாது, ஆனால் அந்தக் கையைப் பார்த்தே விளங்கிவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னும் டெஸ்ட் முடியவில்லை என்று மறித்து, மறுபடி ஓட்டினேன். அந்த இடத்தில் மேடு இல்லை. பெடியனைப் பார்த்தேன். தாடை இறுகிப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். மெஷின் பிடித்தது தாடைத் தசையின் மின்சாரத்தை. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மூன்றாம் தரம் ஓட்டினேன். வேறோர் இடத்தில் இன்னொரு மேடு வந்தது. சத்தம் இப்போது மேசைக்குத்தான் போகிறது, அப்படியென்றால் கேட்பது யார் என்று அதிகாரியிடம் கேட்டேன்.

அவர் நம்பவில்லை. உங்களுடைய ஆள் என்பதால் மாற்றுகிறீர்கள், இல்லாவிட்டால் மெஷின் பழுது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் என் சிங்களம் நன்றாக ஓடும்.

"அப்ப நீங்களே படுங்க சேர். உங்கட தலையில நான் ஒண்டும் மாத்த ஏலாது."

தொப்பியைக் கழற்றிவிட்டுப் படுத்தார். வலக்காதில் ஐந்து மேடுகளும் அழகாக வந்தன. மறுபடி ஓட்டினேன், கோட்டின்மேல் கோடு உட்கார்ந்தது. இடக்காதிலும் அப்படியே, ஆனால் ஐந்தாவது மேடு இரண்டு தரமும் பிந்தித்தான் வந்தது, காது மந்தமாகத் தொடங்கினால் அப்படி வரும். எத்தனை வருடமாகத் துப்பாக்கி சுடுகிறீர்கள் என்று கேட்டேன். வலது தோளில் வைத்துச் சுடுபவரின் இடக்காதுதான் வெடிக்கு முன்னால் நிற்கும். அவர் எழும்பி அந்தத் தாளை மடித்துத் தன் பையில் வைத்தார், இடக்காது மந்தமென்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

"மிஸ்ஸி, என்ட காதைப் பத்தி எங்கயும் எழுத வேணாம்."

அதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை, எழுதவில்லை. பெடியனை மறுபடி படுக்கவைத்து இரண்டு காதையும் இவ்விரண்டு தரம் ஓட்டினேன், ஒரு மேடும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. இரண்டு காதும் கேளாது என்ற ரிப்போர்ட்டில், ஒப்பரேஷன் முடிந்து வந்த டொக்டர் கையெழுத்து வைத்தார். அதிகாரியே பிரதி எடுப்பித்து, இவன் வெளியே போகும்போதெல்லாம் சட்டைப்பையில் இது இருக்கவேண்டும் என்றார். நான் அதைத் தமிழில் சொல்ல, அக்காக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவனைக் காப்பாற்றியவள் என்று நினைத்துவிட்டாள். அவனை முதலில் அனுப்பப் பார்த்ததும் நான்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களே, அன்றைக்குப் பயத்தில் அவன் வாயை இறுக்கி மூடினான், நான் அவசரப்பட்டுத் திறந்தேன். பக்கத்தில் யார் நின்றாலும் சரி, இரண்டாவது கோடு விழும்வரை ஒன்றும் சொல்லாதீர்கள்.