மூன்றாம் படியில் பழைய காவல்படை

எனாமல் பெயின்ட்டும் பெருங்காயமும் ஒரே அறையில் கலந்தால் என்ன வாசனை வரும் என்று யாருக்காவது தெரியுமானால், அவர் நியூ ஜெர்சியில் எங்கள் அடுக்ககத்தின் பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும். சமையலறை மேடையின் ஒரு முனையில் அம்மா டப்பாக் கொண்டைக்கடலையைத் தாளித்துக்கொண்டிருப்பாள். மறு முனையில் நான், மூன்று முடி மட்டும் மிஞ்சியிருந்த தூரிகையை வைத்துக்கொண்டு, சுண்டுவிரல் உயரமுள்ள ஒரு பிரெஞ்சுச் சிப்பாயின் மார்புக்கு மூச்சைப் பிடித்தபடி வெள்ளை பூசிக்கொண்டிருப்பேன். எங்கள் மோர்க்குழம்பில் எத்தனையோ நாள் டர்பன்டைன் மணத்திருக்கிறது. அதைச் சாப்பிட்டும் நான் உயிரோடிருக்கிறேன். தலைமுடி மட்டும் அந்தத் தூரிகையின் நிலைக்கு வந்துவிட்டது.

அப்போது எனக்குப் பதினோரு வயது. மதுரையிலிருந்து வந்து ஓராண்டு ஆகியிருந்தது. அப்பா கன்சல்டன்ட், அதாவது, வேலை இருக்கும்வரை இருக்கிற ஊர்தான் எங்கள் ஊர். பள்ளியில் என் பெயரை ஆசிரியர்கள் ஆளுக்கொரு விதமாகக் கடித்துத் துப்பினார்கள். பையன்கள் அந்தச் சிரமமும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோடையில், வீட்டு வாசலிலேயே பழைய சாமான்களை விற்கிற ஒரு "கராஜ் சேல்"-க்கு மேசை விளக்கு வாங்கப் போனபோது, அந்த வீட்டுக்காரர் விளக்கோடு ஒரு செருப்புப் பெட்டியையும் என் கையில் திணித்தார். உள்ளே சாயம் பூசாத பிளாஸ்டிக் சிப்பாய்கள், அட்டை கிழிந்த ஒரு படப் புத்தகம். நெப்போலியன் காலத்துப் பட்டாளங்கள், பக்கத்துக்கு ஓர் உடுப்பு. நான் அதில் விழுந்தவன், இன்னும் முழுதாக எழுந்திருக்கவில்லை.

பிரிட்டிஷ்காரர்களின் பச்சைச் சட்டைத் துப்பாக்கிப் படையை எனக்குப் பிடிக்கும். மற்றவர்களெல்லாம் ரத்தச் சிவப்பில் நெஞ்சு நிமிர்த்தி நிற்க, இவர்கள் மட்டும் கரும்பச்சையில் புதரோடு புதராய்ப் பதுங்குவார்கள். வகுப்பில் கடைசி வரிசையில் பதுங்கியிருந்தவனுக்கு அந்த உடுப்பின் நியாயம் உடனே விளங்கிற்று. மார்புக் கவசக் குதிரைப்படையைப் பார்த்தால், அந்த எவர்சில்வர் பளபளப்பைத் திருப்பி எங்கேயாவது தாத்தா பெயர் வெட்டியிருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும். "ஹுஸ்ஸார்" என்கிற குதிரைக்காரர்கள் ஆளுக்கு இரண்டு சட்டை தைத்து, இரண்டாவதைப் போட்டுக்கொள்ளாமல் இடது தோளில் தொங்கவிட்டுக்கொண்டு போருக்குப் போவார்களாம். எனக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. எங்கள் காம்ப்ளெக்ஸ் ஆன்ட்டிமார் டிசம்பரில் புடவைமேல் ஸ்வெட்டரை அப்படித்தான் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்கூல் பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள்.

ஆனால் என் உயிர் நெப்போலியனின் பழைய காவல்படையில், கிரனடியர் என்கிற சிப்பாய்களிடம் இருந்தது. நீலக் கோட்டு, வெள்ளை மார்பு, சிவப்புத் தோள் குஞ்சம், தலையில் ஒரு முழக் கரடித்தோல் தொப்பி, அதன் நெற்றியில் பித்தளைத் தகடு. பல வருஷம் சண்டை போட்டு, செத்துப்போகாமல் மிஞ்சினால்தான் அதில் சேர்த்துக்கொள்வார்கள். சேர்ந்தபின் ஒரு சலுகை: சக்கரவர்த்தியின் காதுபடவே முணுமுணுக்கலாம். "முணுமுணுப்பவர்கள்" என்றே அவர்களுக்குப் பட்டப்பெயர். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் கூடும் அங்கிள்களும் அப்பாவும் அதே படையின் இந்தியப் பிரிவு என்று நான் நினைத்துக்கொள்வேன். "விசா லாயர் ஒரு ரிப்ளைகூடப் பண்ணலையே சார்" என்று ஒருவர் தொடங்குவார். முணுமுணுப்பு டீ ஆறும்வரை போகும்.

இன்னொன்றும் படித்தேன். அந்தக் காவல்படையைச் சட்டென்று சண்டையில் இறக்க மாட்டார்களாம். கடைசி நேரத்துக்கென்று கையிருப்பில் வைத்திருப்பார்களாம். வாட்டர்லூவுக்குப் போனபோது, ஜெயித்தபின் ஊர்வலமாய் ஊருக்குள் நுழையப் போட்டுக்கொள்ள நல்ல உடுப்பை முதுகுப் பையில் மடித்தே எடுத்துப் போனார்களாம். எங்கள் வீட்டு அலமாரியிலும் பிரிக்காத ஒரு சூட்கேஸ் இருந்தது. உள்ளே அம்மாவின் பட்டுப் புடவைகள். நாங்கள் வாங்காத சோபாவும் கட்டிலும்கூட அந்த சூட்கேஸுக்குள்தான் இருந்தனபோல. எதைக் கேட்டாலும் "கிரீன் கார்ட் வரட்டும்" என்பாள்.

ஊர்க் கடைத்தெருவில் பொம்மை மாதிரிகள் விற்கிற கடை ஒன்று உண்டு. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அங்கே போட்டி என்று கோடையிலேயே அறிவித்திருந்தார்கள். சாயம் பூசிய படைப்பிரிவில் சிறந்ததை கிறிஸ்துமஸ்வரை கடையின் கண்ணாடி ஜன்னலில் வைப்பார்கள், பக்கத்தில் பூசியவரின் பெயரோடு. பள்ளிக்கூட பஸ் அந்த ஜன்னலை ஒட்டித்தான் திரும்பும். என் பெயரை யாரும் சரியாக உச்சரிக்க வேண்டியதுகூட இல்லை, தினமும் ஒரு தடவை படித்தால் போதும் என்று எனக்கு இருந்தது. கோடை முழுக்கக் குனிந்து ஒரு டஜன் கிரனடியர்களை முடித்தேன். மிச்ச நேரத்தில் ஹுஸ்ஸார்களை ஆரம்பித்து, பாதியில் விட்டிருந்தேன்.

நவராத்திரி வந்தது. அம்மாவின் கொலு பொம்மைகளெல்லாம் மதுரையில் பரணில் கிடந்தன. விமானத்தில் அவளோடு வந்தவை ஒரு பிள்ளையாரும், ஒரு மரப்பாச்சி ஜோடியும், கழுத்து ஆடும் ஒரு செட்டியாரும்தான். அப்பாவின் கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கி, வேட்டி போர்த்தி, மூன்று படி கட்டினாள். இரண்டு படி எப்படியோ நிரம்பிற்று. மூன்றாவது காலி.

பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறந்தேன். மூன்றாம் படியில் என் காவல்படை அணிவகுத்து நின்றது. அதுமட்டுமில்லை. அத்தனை பேருடைய கரடித்தொப்பியிலும், நான் மூன்று முடித் தூரிகையால் தீட்டிய பித்தளைத் தகட்டின்மேல், சந்தனமும் குங்குமமும்.

"அம்மா! இது பழைய காவல்படைம்மா!"

"பழசா இருந்தா என்னடா, லட்சணமாத்தானே இருக்காங்க. படி நிறைஞ்சிருக்கணும்."

"சாட்டர்டே எனக்குப் போட்டி இருக்கு. இவங்களைக் கொண்டு போகணும்."

"படியில ஏத்தினா ஏத்தினதுதான். விஜயதசமி கழிச்சு எடுத்துக்க."

"விஜயதசமி அதுக்கப்புறம்தானே வருது!"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்கப்பாவுக்கு விசா பேப்பர் வர்ற நேரம்டா. இப்பப் போய்ப் படியைக் கலைக்கலாமா? நீயே சொல்லு."

"அவன் பொம்மைக்கும் என் எக்ஸ்டென்ஷனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி முணுமுணுத்தார்.

"உங்களுக்கு எதுலதான் சம்பந்தம் தெரிஞ்சிருக்கு?"

அந்தக் காவல்படைக்காரர் அத்தோடு குளியலறைக்குப் பின்வாங்கினார்.

அடுத்த நாட்களில் ஆன்ட்டிமார் வந்தார்கள். கொலுவுக்கு வந்தால் வீட்டுப் பிள்ளை பாட வேண்டும் என்பது எழுதாத சட்டம். என் குரலைக் கேட்டவர்கள் மறுவருஷம் வருவதில்லை என்பதால் அம்மா அதை வற்புறுத்தவில்லை. பதிலுக்கு நான் படைப்பிரிவை விளக்கினேன். "இவங்க யாருடா, பேண்டு வாசிக்கிறவங்களா?" என்று கேட்ட ஓர் ஆன்ட்டிக்கு, தோள் குஞ்சத்தில் தொடங்கி வாட்டர்லூவரை நடத்திக் காட்டினேன். வெற்றிலை பாக்கைக் கையில் பிடித்தபடி நின்றவர் கடைசியில், "பாட்டே பாடியிருக்கலாம்டா கண்ணா" என்றார்.

சனிக்கிழமை காலை அப்பா கார்ச் சாவியோடு வாசலில் நின்றார். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். "என்னடா, எடுக்கறியா, இல்லையா? சீக்கிரம் முடிவு பண்ணு. திட்டு விழுந்தா நான் வாங்கிக்கறேன்" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முகத்தைப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க அவர் தூங்கவில்லை என்பது தெரிந்தது. கையை நீட்டினேன். முன்வரிசைக் கிரனடியர் குங்குமத்தோடு என்னைப் பார்த்தார்.

எடுக்கவில்லை. இதைத் தியாகம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம், சுத்தமான பயம். பேப்பர் வராமல் போனால், ஆயுள் முழுக்க அந்தப் பழி என் தலையில் கரடித்தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

பாதி பூசிய ஹுஸ்ஸார்களைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போனேன். கடைக்காரர் அவர்களை மரியாதையாகவே மேசையின் கோடியில் வைத்தார். பார்க்க வந்த ஒரு பையன், "இடது பக்கம் ஏன் சாயம் இல்லை?" என்று கேட்டான். "பனி" என்றேன். ஒரு சின்னப் பெண்ணின் ஸ்காட்லாந்துப் படைக்கு முதல் பரிசு. அந்தச் சிப்பாய்கள் கட்டுகிற கட்டம் போட்ட பாவாடையில் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக வரைந்திருந்தாள். குறை சொல்ல முடியவில்லை, முயன்று பார்த்தேன். கிறிஸ்துமஸ்வரை அந்தப் பாவாடைகளைக் கடந்துதான் பள்ளிக்குப் போக வேண்டும் என்று பொருமிக்கொண்டிருந்தேன். அதற்கும் கொடுத்து வைக்கவில்லை.

விஜயதசமி முடிந்த வாரம் அப்பாவின் ப்ராஜெக்டையே இழுத்து மூடிவிட்டார்கள். பேப்பர் வரவில்லை, வந்திருந்தாலும் அந்த ஊரில் அதற்கு வேலையில்லை. என் காவல்படை கடைசிவரை ஓர் அடிகூடப் பின்வாங்காமல் நின்றது, அதனால் ஒரு பயனும் விளையவில்லை. வரலாற்றில் அவர்களுக்கு இது புதிதல்ல.

அதற்கு முன்பே, விஜயதசமி சாயங்காலம், கொலு முடிந்ததென்று வழக்கமாய் மரப்பாச்சியைப் படுக்க வைக்கிற அம்மா, "இந்தத் தடவை உன் ஆளுல ஒருத்தனைப் படுக்க வை. பாவம், நின்னு நின்னு கால் கடுத்திருக்கும்" என்றாள். முன்வரிசைக்காரரை மல்லாக்கப் படுக்க வைத்தேன். துப்பாக்கியை விடவில்லை, தொப்பியே தலையணை ஆயிற்று. அடுத்த மாதம் டெக்சாஸ், அதன்பின் சான் ஹோசே, மறுபடி டெக்சாஸ். ஒவ்வொரு மாற்றலிலும் காருக்குள் இடம் போதாமல் ஏதாவது ஒன்று கழியும். அந்தச் செருப்புப் பெட்டி எந்த ஊரில் கழிந்தது என்று எனக்குத் தெரியாது.

இப்போது டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்கிற ஊரில் சொந்த வீடு. சோபா இருக்கிறது, கட்டில் இருக்கிறது, கிரீன் கார்டும் அதைத் தாண்டிய குடியுரிமையும் வந்துவிட்டன. சூட்கேஸிலிருந்த புடவைகள்தான் மடிப்பில் இற்றுப் போயின. முணுமுணுக்க அப்பா இல்லை. அந்த உத்தியோகத்தை வாரிசு முறையில் நான் பார்க்கிறேன். இந்த வருஷக் கொலு ஒன்பது படி, ஆன்லைனில் வாங்கிய மடக்குப் படிகள், கப்பலில் வந்த பொம்மைகள். ஈ நுழைய இடமில்லை. ஆபீஸில் "ரீஆர்க்" என்று, அதாவது ஆளைக் கழிக்கப் போகிறோம் என்று, ஒரு மெயில் வந்திருந்ததால், நான் அந்த ஒன்பது நாளும் தூங்காமல் போனை முறைத்தபடி சோபாவில் கிடந்தேன்.

என் மகள் நிலா கடைசிப் படியில் தன் டைனோசரை வைத்திருந்தாள். வியாழக்கிழமை வந்து, "பாட்டி, சாட்டர்டே ஃப்ரெண்ட் வீட்டுல ஸ்லீப்ஓவர் இருக்கு. கேன் ஐ டேக் மை டைனோ?" என்றாள்.

"எடுத்துக்கடா தங்கம். இதுக்குப் போய்க் கேக்கணுமா?"

நான் சோபாவிலிருந்து எழுந்தேவிட்டேன். "அம்மா! படியில ஏத்தினா ஏத்தினதுதான்னு யாரு சொன்னது?"

"அப்ப உங்கப்பாவுக்குப் பேப்பர் வரணும்டா."

"இப்ப எனக்கு வேலை போற மாதிரி இருக்கு."

"போனா வேற வரும். அன்னிக்கு நின்னாங்களே உன் பட்டாளம், போற வேலையைப் பிடிச்சு நிறுத்தினாங்களா?" என்றாள். கொஞ்ச நேரம் படியின் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே, "எடுத்துட்டுப் போடான்னு நான் அன்னிக்குச் சொல்லியிருக்கலாம். கிறிஸ்துமஸ்வரை கண்ணாடிக்குள்ள நின்னிருப்பாங்க" என்றாள்.

ஜன்னலைப் பற்றி நான் அவளிடம் சொன்னதாகவே எனக்கு நினைவில்லை. அந்தக் கடை இப்போது இல்லை. அங்கே நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள் என்று கேள்வி, தொழில் அவ்வளவாக மாறவில்லை. எனாமலும் போயிற்று. இன்றைய சாயங்கள் தண்ணீரில் கரைகின்றன, வாசனையே இல்லை. ஒரு தடவை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

விஜயதசமி சாயங்காலம் எந்தப் பொம்மையைப் படுக்க வைப்பது என்று பேச்சு வந்தது. அம்மா தன் அறைக்குப் போய், குங்குமம் வைக்கும் எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்தாள். குங்குமத்துக்குள் புதைந்து ஒரு கிரனடியர். நீலம் உரிந்து, வெள்ளை மஞ்சளாகி, ஒரு தோள் குஞ்சம் போய், நெற்றித் தகடு இருந்த இடத்தில் ரத்தமாய்ச் சிவப்பு. அத்தனை மாற்றலிலும் இவரை மட்டும் கையிருப்பில் வைத்திருந்திருக்கிறாள். மல்லாக்கப் படுக்க வைத்தாள். தொப்பி அதே மாதிரி தலையணை ஆயிற்று.

"இவனுக்கு மட்டும்தான் படுக்கையா?" என்றேன், கேலியாகத்தான்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அப்பாவை அந்தச் சனிக்கிழமை வாசலில் நான் பார்த்ததுபோல. பிறகு என் கையிலிருந்த போனை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நின்னது போதும். நீயும் போய்ப் படுடா."