இரண்டு பயிற்சியாளர்கள் இருந்த அணி

நெடுநெடுவென்று வளர்ந்தவர் என்பதால் கொக்கு என்றே பெயர் நிலைத்துவிட்டது. இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறார். ஒரு காலத்தில் உள்ளூர்க் கால்பந்து கிளப்பில் கோல்கீப்பராக இருந்தபோது அவருக்கு முன்னால் தடுப்பாட்டத்தில் நின்றவன் கட்டை. உயரத்தில் பாதிதான் இருப்பான், தொண்டை மட்டும் இரண்டு ஆளுக்குச் சமம். பந்து மிதந்து வந்தால், "விடுடா, என்னுது!" என்று கத்துவான். கொக்கு நிம்மதியாக நிற்பார்.

கிளப்பின் தலைவரும் செயலாளரும் மாமன் மச்சான். வீட்டுச் சண்டை மைதானத்துக்கு வந்தது. ஆளுக்கொரு பயிற்சியாளரைக் கொண்டுவந்தார்கள். காலையில் வருபவர், "கோட்டைத் தாண்டாத" என்பார். மாலையில் வருபவர், "ஏன் மரம் மாதிரி நிக்கிற? முன்னால வாய்யா" என்பார். உடைமாற்றும் அறையில் எதிரெதிர் பெஞ்சுகள் எதிரெதிர் கட்சிகளாயின. கட்டையின் தம்பிக்குத் தலைவரின் கம்பெனியில் வேலை. கட்டை அந்தப் பெஞ்சுக்குப் போனான். தன்னைக் கிளப்பில் சேர்த்துவிட்ட செயலாளரைக் கொக்குவால் விட முடியவில்லை. இருவருக்கும் பேச்சு நின்றது.

கடைசி ஆட்டத்தில் கார்னரிலிருந்து பந்து வந்தது. கட்டை வாயைத் திறக்கவில்லை. இருவரும் ஒன்றாகத் தாவி மோதிக்கொண்டார்கள். பந்து வலைக்குள் போனது. கொக்குவின் தோள்பட்டை முறிந்தது. தோற்ற அணி கீழ்ப் பிரிவுக்குத் தரமிறங்கியது. மாமனும் மச்சானும் மைதானக் கேட்டில் ஆளுக்கொரு பூட்டுப் போட்டதோடு கிளப்பின் கதை முடிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவரை கட்டை வந்திருந்தான். "உள்ள வாங்கன்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு" என்றாள் கொக்குவின் மனைவி. பிறகு அவன் ஊரைவிட்டே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் டிரைவர்களோடு பந்து உதைக்கிறார் கொக்கு. உயரப் பந்து வரும்போதெல்லாம் காது எதற்கோ காத்திருக்கிறது. கை ஒரு நொடி தாமதிக்கிறது. "கீப்பர் தூங்கிட்டாருப்பா!" என்று சிரிக்கிறார்கள். அவரும் சிரித்து வைக்கிறார்.

போன மாதம் மனைவி எங்கெங்கோ விசாரித்துக் கட்டையின் எண்ணை வாங்கி, அழைத்து, போனை அவர் கையில் திணித்தாள். "நீங்களும் பேச மாட்டீங்க, அவரும் பேச மாட்டாரு. நல்லா இருக்கு!"

"யாரு?"

"நான்தான்டா."

கட்டைக்குக் குரல் பிடிபட்டது. "தோள் எப்படிடா இருக்கு?"

"மழைக்காலத்துல மட்டும் குடையும்."

"எனக்கு முட்டி போச்சுடா. படி ஏற முடியல."

பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். கிளப்பைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. "ஒருநாள் வாடா" என்றார் கொக்கு. "வரேன்டா" என்றான் கட்டை, வழக்கத்தைவிட மெதுவாக.

இன்னும் வரவில்லை. வேனைக் கழுவும்போதுகூடப் போனைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறார் கொக்கு.